இரண்டு குழாயிலும் ஒரே எண்

பகூபா, ஈராக்
8 ஜனவரி 1987

நஜ்லாவின் அம்மா இன்ஸாஃபுக்கு,

உனக்கும் குழந்தைக்கும் அல்லாஹ் நிம்மதியைத் தரட்டும். நான் நலம். இங்கே குளிர் எலும்பு வரைக்கும் போகிறது. போர் ஒரு பக்கம் நடக்கிறது. கோழிப்பண்ணையில் யார் குண்டு போடப்போகிறார்கள் என்று மேலாளர் சொல்கிறார், நானும் அதை நம்பிக்கொண்டு வேலை பார்க்கிறேன்.

நம் ஊர் தஸூக்கி விடுமுறைக்கு வருகிறார். அவர் கையில் ஒரு பலகை கொடுத்தனுப்பியிருக்கிறேன். என் கம்பளிப் பனியனில் சுற்றி வைத்திருக்கிறேன், பனியனை அவர் மாட்டிக்கொள்ளாமல் பார்த்து வாங்கு. பலகையில் இரண்டு கண்ணாடிக் குழாய்கள் இருக்கும். இடது குழாய் சூட்டைக் காட்டும். வலது குழாயின் அடியில் ஒரு துணித்திரி சுற்றியிருக்கும், அந்தத் திரியின் வால் கீழே இருக்கும் சின்னக் கிண்ணத்துத் தண்ணீரில் கிடக்க வேண்டும். ஈரத்திரியால் அந்தக் குழாய் குளிர்ந்து, இடது குழாயைவிடக் குறைந்த எண்ணைக் காட்டும். இரண்டுக்கும் வித்தியாசம் நிறைய இருந்தால் கூண்டுக்குள் காற்று காய்ந்திருக்கிறது. வித்தியாசம் குறையக் குறைய ஈரம் ஏறுகிறது. அவ்வளவுதான் விஷயம். இங்கே பத்துக் கொட்டகையிலும் இது தொங்குகிறது.

போன குளிர்காலத்தில் நம் மாடிக் கூண்டில் குஞ்சுகள் ஒன்று விடாமல் செத்தன. குளிரும் என்று எல்லா ஓட்டையையும் சாக்கால் அடைத்துவிட்டு உள்ளே விளக்கு ஏற்றி வைத்தாய். அவை குளிரால் சாகவில்லை இன்ஸாஃப், ஈரத்தால் செத்தன. ஏரிக்கரை ஊரில் ஏற்கெனவே காற்றைப் பிழிந்தால் தண்ணீர் வரும். அதில் கோழிகள் விடும் மூச்சும் சேர்ந்தால் வைக்கோல் நனைந்துபோகும்.

பலகையை உன் தலை உயரத்தில் மாட்டாதே, கோழியின் தலை உயரத்தில் மாட்டு. கோழி எந்தக் காற்றில் இருக்கிறதோ அதைத்தான் அளக்க வேண்டும். கிண்ணத்துக்குத் தண்ணீர் ஊற்றும் வேலையை நஜ்லாவிடம் கொடுத்துவிடு. ஆறு வயதுக்காரிக்கு அது அதிகம் குனியாமல் எட்டும். விடியல் தொழுகைக்குப் பிறகு ஒரு தடவை, நண்பகலில் ஒரு தடவை, அந்தியில் ஒரு தடவை பார்த்து இரண்டு எண்ணையும் எழுதி அனுப்பு. அதே மூன்று வேளையும் நான் இங்கே கொட்டகையில் நின்று பார்க்கிறேன். நீ அங்கே பார்க்கிறாய் என்று நினைத்துக்கொள்வேன்.

உன் மித்வல்லி

---

ஊர்
2 பிப்ரவரி 1987

நஜ்லாவின் அப்பாவுக்கு,

பலகை வந்தது, பனியனும் வந்தது. பனியனில் தஸூக்கியின் வியர்வை நாற்றம் இருந்தது. துவைத்து வைத்திருக்கிறேன்.

நீங்கள் ஒரு வருடம் என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். இது மூன்றாவது வருடம். மூன்று வருடத்துக்குப் பிறகு ஊரிலிருந்து என்ன வேண்டும் என்று கேட்டால், கோழிக்கூண்டில் எவ்வளவு சூடு என்று கேட்கிறீர்கள். என் அறையில் எவ்வளவு குளிர் என்று கேட்கத் தோன்றவில்லை.

கோழி பெண்களின் காரியம். இந்த ஊரில் எந்த ஆண்பிள்ளை கோழிக்கூண்டுக்குள் தலையை விட்டிருக்கிறான்? பலகையை மாட்டிய அன்றே பக்கத்து வீட்டு ஸனிய்யா தன் மாடியிலிருந்து பார்த்துவிட்டாள். "என்னடி இன்ஸாஃப், கோழிக்குக் காய்ச்சலா? தெர்மாமீட்டர் வெச்சிருக்கே. நாளைக்கு ஊசி போட டாக்டரையும் ஈராக்லேருந்து அனுப்புவாரா உன் வீட்டுக்காரர்?" என்றாள். மறுநாள் மாவு மில்லில் நான்கு பேர் அதையே கேட்டார்கள். நான் பலகைமேல் ஒரு துணியைப் போட்டு மூடி வைத்திருக்கிறேன். பார்க்கிற நேரத்துக்கு மட்டும் துணியை எடுக்கிறேன். கண்ட கண்ணெல்லாம் அதன்மேல் படவேண்டாம்.

எத்தனை குஞ்சு பொரித்தது என்று கேட்காதீர்கள். கடிதம் ஏழு கை மாறி வருகிறது, அதில் எண்ணிக்கை எழுதமாட்டேன். ஏதோ கொஞ்சம் இருக்கிறது. நஜ்லாவுக்கும் உடம்பு சரியில்லை, இருமிக்கொண்டே இருக்கிறாள், இளைத்துக் குச்சியாகிவிட்டாள்.

எண்கள் எழுதுகிறேன். நேற்று விடியலில் 14, 13. நண்பகல் 21, 17. அந்தியில் 17, 16. கிண்ணத்துக்குத் தண்ணீர் ஊற்றுவது அவள்தான். காலையில் எழுந்ததும், "அம்மா, கண்ணாடிக்குத் தாகமா இருக்கும், நான் போய்க் குடுத்துட்டு வரேன்" என்று மாடிக்கு ஓடுகிறாள். என்னை ஊற்ற விடுவதில்லை. அது அவளுடைய அப்பாவின் கண்ணாடியாம்.

இன்ஸாஃப்

---

பகூபா
24 பிப்ரவரி 1987

இன்ஸாஃபுக்கு,

உன் எண்களை இங்கே கால்நடை மருத்துவரிடம் காட்டினேன். விடியலில் ஒரே ஒரு டிகிரி வித்தியாசம் ஆகாது. வடக்குச் சுவரில் மேலே இருக்கிற இரண்டு ஓட்டையையும் திறந்து விடு. கீழே இருப்பதைத் திறக்காதே, காற்று நேராகக் குஞ்சுமேல் அடிக்கும். வைக்கோலை மாற்று. ஒரு வாரத்தில் எண் விலகும் பார்.

ஸனிய்யா சிரித்தால் சிரிக்கட்டும். அவளுடைய வீட்டுக்காரன் கோழியைச் சாப்பிடத் தவிர வேறு எதற்கும் தொட்டதில்லை.

நஜ்லா இளைத்துக் குச்சியாகிவிட்டாள் என்று எழுதியதைப் படித்து நானும் தஸூக்கியும் சேர்ந்து சிரித்தோம். அவர் நேரில் பார்த்துவிட்டுத்தானே வந்திருக்கிறார். "கன்னம் ரெண்டும் பதீர் ரொட்டி மாதிரி உப்பிக் கெடக்கு. ஒரு இருமலும் இல்ல. என் பையில இருந்த பேரீச்சம்பழத்தை எல்லாம் தின்னுட்டா" என்றார். கண் படும் என்ற பயத்தில் நல்லதை ஒளித்துக் கெட்டதைச் சொல்வது உங்கள் எல்லோருக்கும் பழக்கம், எனக்குத் தெரியாததா? ஆனால் முதல் வருடம் அது புரியாமல் நான் பட்ட பாட்டை மறந்துவிடாதே. பிள்ளை எதையும் விழுங்கமாட்டேன் என்கிறாள், சத்தியமாகச் சொல்கிறேன் என்று எழுதியிருந்தாய். நான் இரண்டு நாள் சாப்பிடாமல், கையைக் காலைப் பிடித்து விடுமுறை வாங்கி, பாக்தாத்துக்குப் போய்த் தந்தி அடித்தேன். என் தம்பி ஷெஹாத்தா வேலையை விட்டுவிட்டு நம் வீட்டுக்கு ஓடினால், பிள்ளை முற்றத்தில் உட்கார்ந்து முலோகியா கீரைச் சோற்றை வழித்துத் தின்றுகொண்டிருக்கிறாள். கொட்டகையில் இன்றைக்கும் என்னைத் 'தந்தி மித்வல்லி' என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

அதனால் இந்தத் தடவை ஷெஹாத்தாவுக்கும் எழுதிவிட்டேன். 'உன் அண்ணி பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று சொன்னால் பதறாதே, அது பக்கத்து வீட்டுக் கண்ணுக்காகச் சொல்வது' என்று. வேடிக்கையாகத்தான் எழுதினேன், கோபித்துக்கொள்ளாதே.

உன் வார்த்தையை நம்பமாட்டேன், ஆனால் எண்ணை நம்புவேன். எண் கண்ணுக்குப் பயப்படாது. எது நடந்தாலும் மூன்று வேளையும் பார்த்து எழுது. எண் இல்லாத கடிதத்தை நான் பிரிக்கக்கூட மாட்டேன்.

மித்வல்லி

---

ஊர்
12 மார்ச் 1987

நஜ்லாவின் அப்பாவுக்கு,

விடுமுறை முடிந்து அங்கே திரும்புகிற மஹ்ரூஸின் கையில் இதைக் கொடுக்கிறேன். அவர் நாளை விமானத்தில் வருகிறார், மூன்று நாளில் உங்கள் கையில் இருக்கும். படித்தவுடன் தந்தி அடியுங்கள்.

நஜ்லாவுக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். ஒன்பதாம் தேதி அந்தியில் தலை வலிக்கிறது என்று படுத்தாள். அதற்குப் பிறகு எழுந்திருக்கவில்லை. வெளிச்சம் பட்டால் அழுகிறாள். கழுத்தை முன்னால் மடக்க முடியவில்லை. இன்று காலையிலிருந்து என்னைத் தெரியவில்லை.

இது கண்ணுக்காக எழுதியது அல்ல. என் தாயின் கப்ருமேல் ஆணையாகச் சொல்கிறேன், இது கண்ணுக்காக எழுதியது அல்ல.

பத்தாம் தேதி ஷெஹாத்தாவின் வீட்டுக்குப் போனேன். "வண்டியை எடுங்க, காய்ச்சல் ஆஸ்பத்திரிக்குப் போகணும்" என்றேன். அவர் உங்கள் கடிதத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டிச் சிரித்தார். "அண்ணன் எழுதிட்டார் அண்ணி. மீன் ஏத்தணும், நாளைக்குப் பாத்துக்கலாம்" என்றார். நேற்றும் போனேன். ஸனிய்யாவின் கஷாயத்தைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். ஊரில் வேறு வண்டி இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். நீங்கள் ஒரு வரி தந்தி அடித்தால் அவர் கேட்பார்.

எண்கள்:
10 மார்ச் விடியல் 16, 14. நண்பகல் 24, 19. அந்தி 19, 17.
11 மார்ச் விடியல் 15, 14. நண்பகல் 25, 23. அந்தி 20, 20.
12 மார்ச் விடியல் 16, 16. நண்பகல் 26, 26.

இன்ஸாஃப்

---

பகூபா
17 மார்ச் 1987

இன்ஸாஃபுக்கு,

கடிதம் வந்தது. முதல் இரண்டு பத்தியைப் படித்ததும், மறைக்கவில்லை, எழுந்து செருப்பைக்கூட மாட்டிவிட்டேன். பிறகு கடைசியில் இருந்த எண்களைப் படித்துவிட்டு உட்கார்ந்தேன்.

நீயே யோசி. பிள்ளை தாயைத் தெரியாமல் கிடக்கிறாள் என்கிறாய். அப்படிக் கிடக்கிற பிள்ளையை விட்டுவிட்டு எந்தத் தாய் மூன்று வேளையும் மாடி ஏறிக் கோழிக்கூண்டில் சூடு பார்ப்பாள்? ஒரு வேளைகூடத் தப்பவில்லை. எண்ணெல்லாம் வரிசையாக, நேராக, கை நடுங்காமல் எழுதியிருக்கிறாய். சத்தியம் முதல் வருடமும் செய்தாய். இரண்டாவது தடவை நான் 'தந்தி மித்வல்லி' ஆகத் தயாராக இல்லை. சளிக் காய்ச்சலாக இருக்கும், எலுமிச்சை பிழிந்து கொடு. என்மேல் உனக்குக் கோபம் என்றால் கோபம் என்று எழுது, பிள்ளையை நடுவில் இழுக்காதே.

எண்களைப் பார்த்தால் எனக்கு வேறு கோபம் வருகிறது. பதினொன்றாம் தேதி அந்தியிலிருந்து இரண்டு குழாயிலும் ஒரே எண். காற்றில் அவ்வளவு ஈரம் இருந்தால் உன் கோழிகள் நீந்திக்கொண்டிருக்கும். கிண்ணம் காய்ந்துவிட்டது, அதுதான் விஷயம். திரி காய்ந்தால் வலது குழாயும் இடது குழாய் மாதிரிதான் காட்டும். சொட்டுத் தண்ணீர் ஊற்ற ஆளில்லையா வீட்டில்? அந்தக் குட்டி இரண்டு மாதத்தில் சோம்பேறியாகிவிட்டாளா? அவளிடம் சொல், அப்பா கோபமாக இருக்கிறார், கண்ணாடிக்குத் தாகமாம் என்று.

மித்வல்லி

---

பகூபா
19 ஏப்ரல் 1987

இன்ஸாஃபுக்கு,

ஒரு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. ஷெஹாத்தாவுக்கு இரண்டு கடிதம் போட்டேன், அவனும் வாய் திறக்கவில்லை. அவன் கடிதம் எழுதச் சோம்பேறி, அது தெரியும். ஆனால் நீ அப்படி இல்லை. திட்டவாவது எழுதுவாய்.

போன கடிதத்தில் நான் கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டேன். அனுப்பிய மறுநாளே திரும்ப வாங்கிவிடலாமா என்று இருந்தது. இங்கே என்னோடு ஒரே அறையில் இருப்பவர்கள் ஆறு பேர். ஆறு பேரும் சிரிக்கிற இடத்தில் மனிதன் தன் பிள்ளையைப் பற்றிக் கவலைப்படக்கூட வெட்கப்படுகிறான். இதை நேரில் என்றால் சொல்லியிருக்கமாட்டேன்.

ரமளானுக்கு முன்னால் கிடைக்கட்டும் என்று நஜ்லாவுக்கு ஒரு கேசட் அனுப்புகிறேன். முக்கால் மணி நேரம் பேசியிருக்கிறேன். நடுவில் கொட்டகைக்குள் போய் டேப்பை ஓடவிட்டேன், ஐயாயிரம் குஞ்சும் ஒன்றாகக் கத்துவது அதில் இருக்கிறது. அவள் சத்தமாக வைத்துக் கேட்கட்டும். ஸனிய்யாவின் சேவல் பயந்து ஓடட்டும்.

எண் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. எழுது.

மித்வல்லி

---

ஊர்
11 மே 1987

நஜ்லாவின் அப்பாவுக்கு,

உங்களுடைய இரண்டு கடிதமும் கேசட்டும் இருக்கின்றன. மார்ச் மாதக் கடிதம் வந்தபோது நான் ஊரில் இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பிறகு படித்தேன். எத்தனை தடவை படித்தேன் என்று சொல்லமாட்டேன்.

பதிமூன்றாம் தேதி நண்பகலில் அவளுக்கு வலிப்பு வந்தது. ஸனிய்யா தெருவில் இறங்கிக் கத்தினாள். நான் ஷெஹாத்தாவின் வண்டிக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவர் வந்து பிள்ளையைப் பார்த்தார். மீன் கூடைகளைக் கீழே எறிந்துவிட்டு வண்டியை ஓட்டினார், வழியெல்லாம் அழுதுகொண்டே ஓட்டினார். மூளைக் காய்ச்சல் என்றார்கள். முதுகில் ஊசி குத்தித் தண்ணீர் எடுத்தார்கள். "எத்தனாவது நாள்?" என்று டாக்டர் கேட்டார். "நாலாவது" என்றேன். "ஏம்மா, ரெண்டு நாள் முன்னாடி வந்திருக்கக் கூடாதா?" என்றார். நான் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை. வண்டி கிடைக்கவில்லை என்று மட்டும் சொன்னேன்.

இருபத்தாறு நாள் அங்கே இருந்தோம். உயிர் பிழைத்தாள். முதல் வாரம் முழுக்க அது ஒன்றைத்தான் கேட்டேன், அல்லாஹ் கொடுத்தான்.

கோழிகளை ஸனிய்யா பார்த்துக்கொண்டாள். உங்கள் கண்ணாடியைத் தொடப் பயமாக இருக்கிறது என்று அவள் எண் எதுவும் எழுதவில்லை.

வீட்டுக்கு வந்த நாலாம் நாள் நஜ்லாவை மாடியில் வெயிலில் உட்காரவைத்தேன். கோழிகள் அவளைச் சுற்றி மேய்ந்தன. நான் தட்டை எடுத்து வரும்போது கை தவறிக் கீழே விழுந்தது, பெரிய பித்தளைத் தட்டு. கோழி அத்தனையும் பறந்தடித்துச் சுவர்மேல் ஏறின. அவள் திரும்பவில்லை. கையிலிருந்த சோளத்தை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தாள். நான் பின்னால் நின்று கூப்பிட்டேன். பிறகு கத்தினேன். ஸனிய்யா பக்கத்து வீட்டிலிருந்து, "என்னடி ஆச்சு?" என்று ஓடி வந்தாள். நஜ்லா திரும்பவில்லை.

தான்தா நகரத்தில் பெரிய டாக்டரிடம் காட்டினோம். இரண்டு காதும் போய்விட்டது. காய்ச்சல் எடுத்துக்கொண்டது என்றார், திரும்பாது என்றார். பேச்சு இருக்கிறது, பேசுகிறாள். ஆனால் தன் குரல் தனக்குக் கேட்காததால் சில நேரம் மிகவும் சத்தமாகப் பேசுகிறாள், சில நேரம் உதடு மட்டும் அசைகிறது. "அம்மா, ஏன் எல்லாரும் வாயை மட்டும் ஆட்டுறீங்க?" என்று கேட்டாள். அதற்கு என்ன பதில் என்று நீங்கள் சொல்லுங்கள்.

உங்கள் கேசட்டைப் போட்டேன். எதற்குப் போட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. அப்பா பேசுகிறார் என்று கையால் காட்டினேன். அவள் பெட்டிக்குள் சக்கரம் சுற்றுவதைப் பார்த்தாள். பிறகு பெட்டிமேல் கையை வைத்துக்கொண்டு, அது முடியும் வரைக்கும் எடுக்கவில்லை.

எந்தத் தாய் மூன்று வேளையும் மாடி ஏறுவாள் என்று கேட்டிருந்தீர்கள். சொல்கிறேன். எண் இல்லாத கடிதத்தைப் பிரிக்கமாட்டேன் என்று எழுதியது நீங்கள். பிரிக்காமல் போட்டுவிடுவீர்களோ என்று பயந்து எழுதினேன். அதோடு, கீழே அவள் முன்னால் அழ முடியாது. அழ ஒரு இடம் வேண்டியிருந்தது. ஒவ்வொரு வேளையும் ஈரத்துணியை மாற்றிவிட்டு, ஸனிய்யாவை அவள் பக்கத்தில் உட்காரவைத்து, மாடிக்கு ஓடிக் கூண்டுக்குள் தலையை விட்டு அழுவேன். முகத்துக்கு நேரே அந்தக் கண்ணாடி இருந்தது, அதில் இருந்ததை எழுதினேன். கிண்ணத்தில் தண்ணீர் இல்லை என்பதை நான் கவனிக்கவில்லை. தண்ணீர் ஊற்றுகிறவள் படுத்துவிட்டாள். அந்த எண்கள் உங்களிடம் வேறு எதைச் சொல்லியிருக்க வேண்டும்?

என் பங்கையும் ஒளிக்கவில்லை. ஆறு வருடமாக நோயில்லாத பிள்ளைக்கு நோய் சொன்னேன். உங்கள் அம்மா சொன்னாள், என் அம்மா சொன்னாள், ஊரெல்லாம் சொல்கிறது, நானும் சொன்னேன். நிஜமாக வந்தபோது என் வாயில் செல்லுபடியாகிற வார்த்தை ஒன்றுகூட மிச்சமில்லை. இதை நினைத்து நெஞ்சு வெந்துபோகிறது. ஆனால் ஊரார் நம்பாவிட்டால் போகட்டும், நீங்கள் என் புருஷன்.

இன்ஸாஃப்

---

பகூபா
30 மே 1987

இன்ஸாஃப்,

பெருநாள் அன்று உன் கடிதம் வந்தது. அறையில் ஆறு பேரும் புதுச்சட்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். தஸூக்கி, "என்ன தந்தி, ஊர்ல என்ன விசேஷம்?" என்று கேட்டார். நான் கடிதத்தை அவர் கையில் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு வெளியே போய்விட்டார். அன்று யாரும் என்னைத் தந்தி என்று கூப்பிடவில்லை, அதற்குப் பிறகும் கூப்பிடவில்லை.

இரண்டு நாளாக எழுதிக் கிழித்துப் போடுகிறேன். ஷெஹாத்தாமேல் பழி இல்லை. அவன் என் சொல்லைக் கேட்டான், அவ்வளவுதான். அவனிடம் நீ பேசாமல் இருந்தால் பேசு. பழி என் கையெழுத்தில் இருக்கிறது, அவன் சட்டைப் பையில் இருக்கிறது.

எனக்கு எண் படிக்கத் தெரியும் என்று நினைத்திருந்தேன். இரண்டு குழாயிலும் ஒரே எண் என்றால் திரி காய்ந்துவிட்டது என்று எந்தக் கொட்டகைக்காரனும் சொல்வான். திரி ஏன் காய்ந்தது என்று ஒரு நிமிடம் யோசிக்க எனக்குத் தோன்றவில்லை. தினமும் ஓடி ஓடித் தண்ணீர் ஊற்றியவள் அவள். அவளைச் சோம்பேறி என்று எழுதினேன்.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. நஜ்லாவுக்குக் காது கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். நன்றாக இருப்பதை ஒளித்து எழுதுவது உன் வழக்கம்தானே. உயிர் பிழைத்தாள், அதில் கண் பட்டுவிடக் கூடாது என்று இதைச் சொல்லி வைத்திருக்கிறாயா? அப்படி இருந்தால் எனக்கு மட்டும் எழுதிவிடு. நான் யாரிடமும் சொல்லமாட்டேன். ஆயிரம் தடவை பொய் சொன்னாய், ஆயிரம் தடவையும் உன்னைக் கேலி செய்தேன். இந்த ஒன்றும் பொய் என்று எழுது, இன்ஸாஃப். உன் காலில் விழுகிறேன்.

கணக்கை முடித்துத் தரச் சொல்லி மேலாளரிடம் கேட்டிருக்கிறேன். பாஸ்போர்ட் ஜூன் கடைசியில் கிடைக்கும். வரலாமா? வீட்டுக்குள் விடுவாயா? விடமாட்டாய் என்றால் ஷெஹாத்தாவின் வீட்டில் படுத்துக்கொள்கிறேன், பகலில் வந்து அவளைப் பார்த்துவிட்டுப் போகிறேன்.

மித்வல்லி

---

ஊர்
20 ஜூன் 1987

நஜ்லாவின் அப்பாவுக்கு,

பொய் இல்லை.

நீங்கள் கேட்டதைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுக்க யோசித்தேன். பொய்தான் என்று எழுதிவிடலாமா என்றும் நினைத்தேன். நீங்கள் பாக்தாத்திலிருந்து அம்மான், அங்கிருந்து அகபா, கப்பல், சூயஸ் என்று நாலு நாள் வரவேண்டும். அந்த நாலு நாளாவது நிம்மதியாக வரட்டும் என்று தோன்றியது. பிறகு வேண்டாம் என்று விட்டேன். இனி இந்த வீட்டில் அந்தப் பழக்கம் இல்லை. கூண்டில் நாற்பத்தொரு கோழி இருக்கிறது, இரண்டு அடையில் இருக்கின்றன. பிள்ளை நன்றாகச் சாப்பிடுகிறாள், கன்னம் திரும்ப வந்துவிட்டது, அழகாக இருக்கிறாள். காது கேட்காது. எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். எவர் கண் வேண்டுமானாலும் படட்டும்.

உங்களை மன்னித்துவிட்டேனா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அதைத்தான் கேட்டிருக்கிறீர்கள். எனக்குத் தெரியவில்லை. ஆஸ்பத்திரியில் ஒரு நாள் நீங்கள் செத்துப்போயிருந்தால் நல்லது என்று நினைத்தேன். மறுநாள் நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும் என்று நினைத்தேன். இரண்டும் நிஜம். ஷெஹாத்தாவின் வீட்டில் படுக்க வேண்டாம், ஊர் சிரிக்கும். உங்கள் வீடு இது. என்னோடு எப்படி இருக்கும் என்பதை வந்த பிறகு பார்க்கலாம். முதலில் அவளுக்காக வாருங்கள். என்ன சமையல், எப்போது குளிக்க வேண்டும் என்று கேட்பதற்கு நாங்கள் இருவரும் கையால் ஏதோ பேசிக்கொள்கிறோம். நீங்களும் கற்றுக்கொள்ள வேண்டும், நாள் எடுக்கும்.

வருகிற விதத்தைச் சொல்கிறேன், கவனமாகப் படியுங்கள். முன்பெல்லாம் கால்வாய்ப் பாலத்திலிருந்தே அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு வருவீர்கள், அவள் ஓடி வருவாள். இந்தத் தடவை கூப்பிடாதீர்கள். தெருவில் இருக்கிற எல்லாப் பிள்ளைகளும் திரும்பிப் பார்ப்பார்கள், அவள் மட்டும் பார்க்கமாட்டாள். எல்லோரும் எதையோ பார்க்கிறார்கள், தனக்கு மட்டும் என்னவென்று தெரியவில்லை என்றால் அவளுக்கு முகம் வாடிவிடும். பின்னாலிருந்து வந்து தூக்காதீர்கள், யாராவது திடீரென்று தொட்டால் நடுங்கிவிடுகிறாள். அழாதீர்கள், அழ வேண்டுமென்றால் பேருந்திலேயே அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வாருங்கள். முழுச் சவரம் செய்துகொள்ளுங்கள், வாய் தெரியாவிட்டால் அவளுக்கு ஒன்றும் புரியாது. அவள் எங்கே இருக்கிறாள் என்று பார்த்து, சுற்றிக்கொண்டு போய், அவளுடைய முகத்துக்கு எதிரே கொஞ்சம் தள்ளி நில்லுங்கள். உடனே பார்க்கமாட்டாள், கையில் ஏதாவது வேலை வைத்திருப்பாள். அவளாக நிமிரும் வரைக்கும் அங்கேயே நில்லுங்கள்.

இன்ஸாஃப்